ஆறுமணிக் குருவியும் நம்ம கோழியும்



சில வருசத்துக்கு முன்னால் ஒரு ஐப்பசி மாதம். பிரட்டு முடிந்து பிள்ளை மடுவத்துப் பக்கம் போனேன். ஜன்னலுக்குக் கீழே பிள்ளைகள் வட்டமாக நின்றார்கள். நடுவில் ஒரு சின்னக் குருவி. முதுகு பச்சை, நெஞ்சு மங்கல் மஞ்சள், அடிவயிறு நல்ல சிவப்பு, கண்ணோரம் கறுப்புப் பட்டை, வால் இருக்கா இல்லையா என்கிற மாதிரி குட்டை. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. "பாவம், தண்ணி தாகமா இருக்கும் ஐயா" என்றார் ஆயம்மா. நானும் புண்ணியம் செய்கிற நினைப்பில் அதன் வாயைத் திறந்து ஒரு தேக்கரண்டி தண்ணீர் ஊற்றினேன். பத்து நிமிசத்தில் செத்துப் போச்சு. தண்ணீர் மூச்சுக் குழாயில் இறங்கியிருக்கும் என்று பிற்பாடு ஒரு மிருக வைத்தியர் எனக்கு விளங்கப்படுத்தினார். ஜன்னலில் அடிபட்டுப் பிழைத்த குருவியை நான்தான் கொன்றேன். அந்தப் பிள்ளைகளின் முகம் இன்னும் மறக்கவில்லை.

அந்தக் குருவிக்கு ஆறுமணிக் குருவி என்று பேர். சிங்களத்தில் அவிச்சியா. காலை ஆறு மணிக்கும் பின்னேரம் ஆறு மணிக்கும் இரண்டு தடவை விசில் அடிக்கிற மாதிரிக் கூப்பிடும், அதனால் அந்தப் பேர். இது நம்ம ஊர்ப் பறவை அல்ல. இமயமலை அடிவாரத்திலும் வட, மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, அங்கே குளிர் தொடங்கும்போது தெற்கே வரும். இராத்திரியில்தான் பறக்கும். களைத்து இறங்குகிற நேரத்தில் லைட்டையும் ஜன்னல் கண்ணாடியையும் பார்த்துக் குழம்பி மோதிவிடும். இது வியாதியும் அல்ல, சகுனமும் அல்ல.

நமக்குப் பனி கொட்டுகிற குளிர்காலம் இல்லாவிட்டாலும், புரட்டாசி ஐப்பசியிலிருந்து பங்குனி சித்திரை வரைக்கும் நம்ம மலையில் வெளியூர் விருந்தாளிகள் அதிகம். அலவத்துகொட பக்கம் தேயிலையோடு மிளகும் கொக்கோவும் நிழல் மரமும் கலந்து கிடப்பதால் அவர்களுக்கு நல்ல வசதி. பீலியடியில் வாலை ஓயாமல் ஆட்டிக்கொண்டு நடக்கிற வாலாட்டியைக் கொழுந்தெடுக்கிற தாய்மார் தினமும் பார்க்கிறீர்கள். கவ்வாத்து வெட்டின மலையில் ஒரு குச்சி நுனியில் உட்கார்ந்து கரகரவென்று சத்தம் போடுகிற பழுப்புக் கீச்சான் சைபீரியா, மங்கோலியாப் பக்கத்திலிருந்து வருகிறது. அநேகமாக ஒவ்வொரு வருசமும் பழைய இடத்துக்கே திரும்பி வரும். தோட்டத்தில் நம்பர் போட்ட மலை மாதிரி அதற்கும் ஒரு எல்லை உண்டு. வேறு கீச்சான் உள்ளே வந்தால் சண்டைதான். இவை எல்லாம் தின்பது பூச்சி புழு. நாம் சோறு வைக்க வேண்டியதே இல்லை. தண்ணீர்ச் சட்டி வைக்க விரும்பினால் வையுங்கள், ஆனால் தினமும் கழுவி ஊற்றுங்கள்.

இனி, தரையில் ஒரு பறவை கிடந்தால் என்ன செய்வது? அது களைத்ததா, நோய்ப்பட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும். மோதி மயங்கிய பறவை கண்ணைத் திறந்து திறந்து மூடும், உடம்பு சுத்தமாக இருக்கும். அதைத் துணியால் மெதுவாக எடுத்து, காற்றுப் போக ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் வைத்து மூடி, சத்தமில்லாத மூலையில் ஒரு மணி இரண்டு மணி நேரம் விட்டுவிடுங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது, சோறும் வேண்டாம். பூனை எட்டாத இடமாக இருக்கட்டும். பிறகு மரமுள்ள இடத்தில் பெட்டியைத் திறந்தால் அநேகமாகத் தானே போய்விடும். அடுத்த வருசம் வந்த குருவியை அப்படித்தான் அனுப்பினோம். இறக்கை ஒடிந்திருந்தால் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும்.

நோய்ப்பட்ட பறவை வேறு மாதிரி. இறகைச் சிலுப்பிக்கொண்டு குந்தியிருக்கும், கிட்டப் போனாலும் பறக்காது. கண் வீங்கிப் பீளை ஒட்டியிருக்கும். சிலதுக்குக் காலிலும் அலகடியிலும் கட்டி கட்டியாக அம்மை இருக்கும். கழுத்து திருகி நடுங்குவதும் உண்டு. இதை வெறுங்கையால் தொடக்கூடாது, முக்கியமாகப் பிள்ளைகளை விடக்கூடாது. ஒரே இடத்தில் இரண்டு மூன்று காகமோ வேறு பறவையோ செத்துக் கிடந்தால் என்னிடமோ நேரே அரச மிருக வைத்திய அலுவலகத்திலோ அன்றைக்கே சொல்லுங்கள். "காகம் தானே" என்று கானுக்குள் தள்ளிவிட்டுப் போவதுதான் இங்கே வழக்கம். அது சரியில்லை.

ஏன் சரியில்லை என்பதற்கு ஒரு உதாரணம். 2020 டிசம்பர் கடைசியில் இந்தியாவின் ஹிமாச்சலப் பிரதேசத்தில் பொங் அணைக்கட்டுப் பக்கம் குளிர்காலத்துக்கு வந்த வரித்தலை வாத்துகள் ஆயிரக்கணக்கில் செத்தன. பரிசோதித்ததில் பறவைக் காய்ச்சல் என்று தெரிந்தது. அடுத்த மாதமே கேரளாவில் ஆலப்புழை, கோட்டயம் பகுதியில் பண்ணை வாத்துகளில் பறவைக் காய்ச்சல் கண்டு, பரவாமலிருக்க ஆயிரக்கணக்கில் கொன்று புதைத்தார்கள். வாத்தை நம்பிப் பிழைத்த குடும்பங்களின் கதி எப்படியிருந்திருக்கும்! இந்தக் காய்ச்சல் சில வேளை மனிதருக்கும் தொற்றும்.

இதைக் கேட்டவுடன், வெளியூர்ப் பறவையை எல்லாம் கல்லெறிந்து விரட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். போன முறை பணிய லயத்தில் கோழிகள் வரிசையாகச் செத்தபோது அப்படித்தான் பேசினார்கள், பையன்களும் கெட்டபோலோடு கிளம்பிவிட்டார்கள். அது ரனிகெட் நோய் என்று மிருக வைத்தியர் சொன்னார். ரனிகெட் என்பது இமயமலைப் பக்கத்து ஒரு ஊரின் பேர்தான், ஆனால் அங்கிருந்து குருவி கொண்டு வந்ததல்ல. சந்தையில் வாங்கி வந்த கோழி, கோழிக் கூடை, நம்ம செருப்பு, இவற்றோடுதான் அது பெரும்பாலும் வருகிறது. அதற்குத் தடுப்பு மருந்து உண்டு. போட்டிருந்தால் அந்தத் தாய்மாரின் முட்டைக் காசு போயிருக்காது. புதுக் கோழியை இரண்டு கிழமை தனியாகக் கட்டி வையுங்கள். செத்த கோழியை ஆழமாகப் புதைத்துச் சுண்ணாம்பு போடுங்கள். பீலித் தண்ணீர் போகிற பக்கம் எறிய வேண்டாம்.

கோழியிடமிருந்து காட்டுப் பறவைக்கு நோய் போவதும் உண்டு. அமெரிக்காவில் 1994இல் வாஷிங்டன் பக்கத்து மக்கள், வீட்டு முற்றத்தில் தீனி தின்ன வருகிற ஒரு வகைச் சிட்டுக்குக் கண் வீங்கிச் சீழ் வடிவதைக் கவனித்தார்கள். கோழிகளுக்கு மூச்சு நோய் தருகிற அதே கிருமிதான் அது. சில வருசத்தில் கிழக்கு அமெரிக்கா முழுக்கப் பரவியது. முதலில் கண்டது பெரிய விஞ்ஞானிகள் அல்ல, தினமும் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்த சாதாரண சனங்கள். வழக்கமாக எத்தனை வரும், எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத்தானே வித்தியாசம் புரியும்.

அதனால்தான் பறவை எண்ணுவதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்க முடியாது. நம்ம நாட்டில் 1943இல் தொடங்கிய சிலோன் பேர்ட் கிளப் ஜனவரி மாதத்தில் நீர்ப் பறவைகளைக் கணக்கெடுக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த பறவை ஆய்வுக் குழு ஒன்றும் 1976 முதல் இருக்கிறது. நம்ம பாட்டன் பூட்டன் வந்த தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவை எண்ணுகிறார்கள். ஆசிரியர், விவசாயி, பள்ளிப் பிள்ளை என்று யாரும் சேரலாம். ஒரு இடத்தில் பதினைந்து நிமிசமாவது நின்று, கண்டதை எழுதினால் போதும்.

நாமும் அதே மாதிரிச் செய்கிறோம். எனக்கும் எல்லாப் பறவையின் பேரும் தெரியாது. கணக்கப்பிள்ளைக்குத் தெரிகிறது எனக்குத் தெரிவதில்லை, அவருக்குத் தெரியாததை மருந்தடிக்கிற ஆட்கள் சொல்கிறார்கள். பேர் தெரியாததற்கு நிறத்தை எழுதினால் போதும். ஒவ்வொரு வருசமும் அதே இடம், அதே நேரம் என்பதுதான் முக்கியம். போன தடவை எழுதின கொப்பி ஆபீசில் இருக்கிறது, யாரும் வந்து பார்க்கலாம். பிள்ளைகள் ஆர்வமாக இருந்தால் 1938 முதல் சரணாலயமாக உள்ள கண்டி உடவத்தகெலே காட்டுக்கும் ஒரு நாள் கூட்டிப் போக யோசனை.

தைப்பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு காலை ஆறரைக்குப் பீலியடியில் கூடுவோம். பொங்கல் பானை கழுவப் போகிற தாய்மாரும் கால் மணி நேரம் நிற்கலாம். பிள்ளைகளுக்குச் சட்டை கனமாகப் போட்டு அனுப்புங்கள், அந்த நேரம் பனி இறங்கும். ஒரு கொப்பியும் பென்சிலும் கொண்டு வந்தால் போதும். கெட்டபோலை வீட்டிலேயே வைத்துவிட்டு வரவும்.