கிஃப்ட் பேப்பரைக் கசக்கிப் பாருங்க!

கிறிஸ்துமஸ் முடிஞ்சாச்சு. கேக் காலி, ஹால் மூலையில குப்பை மட்டும் மிச்சம். அதுல மறுசுழற்சிக்குப் போறது எது?

கிஃப்ட் பேப்பரைக் கையில நல்லா கசக்கி விடுங்க. கசங்கினபடியே இருந்தா அது காகிதம். செலோடேப்பை உரிச்சிட்டு, பழைய பேப்பரோட சேர்க்கலாம். மெல்ல விரிஞ்சா, அதுல பிளாஸ்டிக் இருக்கு. ஜிகினா ஒட்டின தாளும் வேண்டாம்.

கேக் டப்பாவில ஒட்டின எண்ணெய்ப் பிசுக்கு, ஆலையில காகிதக் கூழையே கெடுத்துடும். அதனால சுத்தமான பக்கத்தை மட்டும் கிழிச்சு எடுங்க. எரியாத சீரியல் செட் மின்கழிவு, தனியா வைங்க.

எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும்? சென்னையில, பிரிக்காத குப்பை சேர்ற கொடுங்கையூர் கிடங்குக்குப் பக்கத்திலேயும் வீடுகள் இருக்கு. அங்கேயும் வாசல்ல ஸ்டார் தொங்குது.