பாய்ப்படகுக்கான வெளியிணைப்பு இயந்திரத் தேர்வு

பாய்ப்படகுக்கான வெளியிணைப்பு இயந்திரத் தேர்வு என்பது, காற்று ஓய்ந்தபோதும் துறைக்குள் நுழையும்போதும் பாய்ப்படகைச் செலுத்துவதற்கு எத்தனை குதிரைத்திறன், எவ்வளவு தண்டு நீளம், எவ்வகைச் சுழல்விசிறி கொண்ட இயந்திரம் பொருந்தும் என்று முடிவு செய்வதாகும். வெளியிணைப்பு இயந்திரம் படகின் பின்பலகையில் வெளிப்புறமாகப் பூட்டப்படுகிறது. வேண்டாதபோது அதனை நீருக்கு மேலே தூக்கி வைக்கலாம். தமிழகக் கடற்கரையில் இது பெரும்பாலும் அவுட்போர்டு என்றே வழங்கப்படுகிறது. பாய்ப்படகைப் பொறுத்தவரை, ஓர் அளவுக்கு மேல் இயந்திரத்தைப் பெரிதாக்கினாலும் வேகம் கூடுவதில்லை. எடையும் எரிபொருட் செலவுமே கூடுகின்றன.

வரலாறு

வெளியிணைப்பு இயந்திரங்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தன. ஓலே எவின்ரூட் 1909இல் தொடங்கிய நிறுவனத்தின் பெயரால் வந்த இயந்திரங்களின் உற்பத்தி 2020இல் நிறுத்தப்பட்டது. சப்பானின் யமகா நிறுவனம் தன் முதல் வெளியிணைப்பு இயந்திரத்தை 1960இல் வெளியிட்டது. கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் 1980களில் நாட்டுப்படகுகளில் இவை வேகமாகப் பரவின. பெட்ரோலில் முடுக்கி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் வகையே அங்கு பெரிதும் விரும்பப்பட்டது. சோழமண்டலக் கரையிலோ நீண்ட தண்டின் நுனியில் விசிறி கொண்ட டீசல் இயந்திரங்கள் கண்ணாடியிழைப் படகுகளில் இடம்பிடித்தன. பாய் படிப்படியாகச் சுருட்டி வைக்கப்பட்டது.

வேகத்தின் எல்லை

படகு முன்னே செல்லும்போது நீரில் அலை எழுப்புகிறது. வேகம் கூடக்கூட அவ்வலையின் நீளமும் கூடுகிறது. அலையின் நீளம் படகின் நீர்மட்ட நீளத்திற்குச் சமமாகும்போது, அணியத்தில் ஒரு முகடும் பின்புறத்தில் ஒரு முகடுமாகப் படகு இரண்டிற்கும் நடுவே அமர்ந்துவிடும். அதற்கு மேல் விரைய வேண்டுமெனில் தானே எழுப்பிய மேட்டின் மீது அது ஏற வேண்டும். தட்டையான அடியுடைய இலகுவான கண்ணாடியிழைப் படகு ஏறிவிடும். ஆழ்ந்த அடியும் கனமும் உடைய பாய்ப்படகால் இயலாது.

இவ்வேகத்தை மதிப்பிட, மீட்டரில் அளந்த நீர்மட்ட நீளத்தின் வர்க்கமூலத்தை 2.43ஆல் பெருக்க வேண்டும். விடை மணிக்கு இத்தனை கடல்மைல் எனக் கிடைக்கும். 6 மீட்டர் நீளத்திற்கு இது ஏறத்தாழ 6 கடல்மைல், அதாவது 11 கிலோமீட்டர். 6 குதிரைத்திறனால் இந்த எல்லையை நெருங்கும் படகு, 25 குதிரைத்திறன் பூட்டப்பட்டாலும் அதனைப் பெரிதாகத் தாண்டாது. பக்கத்துப் படகில் 9.9 குதிரைத்திறன் இருக்கிறது என்பதற்காகத் தமக்கும் அதுவே வேண்டும் என எண்ணுவோர், அப்படகின் அடி எவ்வகையினது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

திறனைக் கணக்கிடல்

திறனைத் தீர்மானிப்பது படகின் நீளத்தைவிட எடையே. ஆட்கள், வலை, பனிக்கட்டி, குடிநீர், எரிபொருள் ஆகிய அனைத்தும் சேர்ந்த மொத்த எடையைக் கொள்ள வேண்டும். ஏரி, காயல் போன்ற அமைதியான நீரில் ஒரு டன்னுக்கு 3 குதிரைத்திறனும், திறந்த கடலில் 4 குதிரைத்திறனும் நடைமுறையில் கொள்ளப்படும் அளவுகள். 1.5 டன் படகிற்கு முறையே 4.5, 6 குதிரைத்திறன் என்றாகும்.

கடலில் கூடுதலாகக் கொள்வது வேகத்திற்காக அன்று. பாயை இறக்கினாலும் பாய்மரமும் கயிறுகளும் காற்றைத் தடுத்து நிற்கும். எதிர்க்காற்றிலும், பருவத்திற்கேற்பத் திசை மாறிப் பாயும் பாம்பன் கால்வாய் போன்ற நீரோட்டத்திலும் படகு கரை திரும்ப இந்தக் கையிருப்பே உதவுகிறது. மிகச் சிறிய இயந்திரத்தை வாங்கி இவ்விடத்தில் சிக்கிக்கொள்வது, பெரியதை வாங்கிப் பணத்தை வீணாக்குவதைவிட ஆபத்தானது.

பெரிய இயந்திரத்திலும் தீங்கு உண்டு. நான்கு வீச்சு 6 குதிரைத்திறன் இயந்திரம் 27 கிலோ அளவில் இருக்க, 25 குதிரைத்திறன் கொண்டது 55 முதல் 70 கிலோ வரை கனக்கும். அவ்வளவு எடை பின்பலகையில் தொங்கினால் பின்புறம் தாழ்ந்து அணியம் உயரும். பாயில் ஓடும்போதும் படகு மந்தமாகும்.

சுழல்விசிறியும் தண்டும்

ஒரே குதிரைத்திறன் உள்ள இரு இயந்திரங்கள் ஒரே உந்துதலைத் தர வேண்டியதில்லை. விரைவுப் படகிற்கான சிறிய விசிறி கனமான படகில் நீரைக் கலக்குமேயன்றி நன்கு தள்ளாது. பாய்ப்படகிற்கு அகன்ற விட்டமும் குறைந்த புரிநீளமும் கொண்டு மெதுவாகச் சுழலும் விசிறியே ஏற்றது. இதற்கெனவே உயர் உந்துதல் வகை இயந்திரங்கள் உள்ளன. சாதாரண வகையில் 2:1 அளவில் இருக்கும் பல்சக்கர விகிதம் இவற்றில் 3:1ஐ நெருங்கும்.

தண்டுகள் பொதுவாக 38, 51, 64 செ.மீ. நீளங்களில் கிடைக்கின்றன. அலையில் அணியம் அமிழும்போது பின்புறம் எழும். தண்டு குட்டையாக இருந்தால் விசிறி நீரைவிட்டு வெளியே வந்து, இயந்திரம் சுமையின்றி அலறும், படகு நகராது. ஆகவே பாய்ப்படகிற்குப் பெரும்பாலும் நீண்ட தண்டே தேர்ந்தெடுக்கப்படுகிறது. குதிரைத்திறனை ஒருமுறைக்கு இருமுறை கேட்கும் பலர் இந்த நீளத்தைக் கேட்பதில்லை.

மலை நீர்த்தேக்கங்களில்

கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலை என நெடுங்காலம் அறியப்பட்ட சாலை, பாம்பன் கடற்பகுதியிலிருந்து மதுரை, போடிநாயக்கனூர் வழியாகச் சென்று, போடிமெட்டில் ஏலமலைக்கு ஏறுகிறது. மெட்டைத் தாண்டி மூணாறு செல்லும் வழியில் ஆனையிறங்கல் நீர்த்தேக்கம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் உள்ளது. மூணாற்றுக்கு அப்பால் மாட்டுப்பட்டி நீர்த்தேக்கம் ஏறத்தாழ 1,600 மீட்டரில் உள்ளது.

உயரம் கூடக்கூடக் காற்றின் அடர்த்தி குறைவதால், இயந்திரம் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஏறத்தாழ 1 விழுக்காடு திறனை இழக்கிறது. போடிமெட்டு ஏறும் வண்டிகளின் இழுவை குறைவதற்கு ஏற்றத்துடன் இதுவும் ஒரு காரணம். பாம்பனில் 6 குதிரைத்திறன் தரும் இயந்திரம் ஆனையிறங்கலில் சுமார் 5.3 குதிரைத்திறனும், மாட்டுப்பட்டியில் சுமார் 5 குதிரைத்திறனுமே தரும்.

இதனால் மலைக்குப் பெரிய இயந்திரம் வேண்டும் என்று கருதுவது பொருந்தாது. நீரோட்டமும் கடலலையும் இல்லாத நீர்த்தேக்கத்தில் அதே 1.5 டன் படகிற்குத் தேவை 4.5 குதிரைத்திறனே, இழப்பு போக எஞ்சுவது அதற்குப் போதும். மாற்ற வேண்டியவை வேறு. மெல்லிய காற்றில் கார்புரேட்டர் தேவைக்கு மிகுந்த எரிபொருளைக் கலந்து புகை கக்கும் என்பதால் அதன் துளைமுனையைச் சிறியதாக மாற்ற வேண்டும். காற்றழுத்த உணரியுடன் கூடிய எரிபொருள் உட்செலுத்து வகை தானே சரிசெய்துகொள்ளும். இயந்திரம் உரிய சுழற்சி வேகத்தை எட்டாவிடில் ஓர் அங்குலம் புரிநீளம் குறைந்த விசிறியைப் பூட்டலாம். மின்கலத்தில் இயங்கும் மின்னோடிக்கு உயரத்தால் இந்த இழப்பு இல்லை.

மலையிலிருந்து கடலுக்குத் திரும்பும்போது பழைய துளைமுனையை மீண்டும் பொருத்த வேண்டும். சிறிய துளையுடன் கடல்மட்டத்தில் ஓட்டினால் எரிபொருள் போதாமல் இயந்திரம் மிகையாகச் சூடேறி, உந்துதண்டு இறுகிப்போகக்கூடும்.