உரிமமில்லா வைத்தியமும் நோயாளியின் விருப்பமும்

உரிமம் பெறாத ஒருவரிடம் தெரிந்தே வைத்தியம் பார்த்துக்கொள்ளும் உரிமை நோயாளிக்கு உண்டா என்ற வினா, அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 1990களில் நீதிமன்றம் ஏறியது. நோயாளியின் இரத்தத்தைச் சினைப்பசுவின் மடிக்குள் செலுத்தி, கன்று ஈன்றபின் கறந்த சீம்பாலை அந்நோயாளிக்கே மருந்தாக விற்ற பால்பண்ணை விவசாயி ஒருவர்மீது உரிமமின்றி மருத்துவம் செய்ததாக வழக்குத் தொடுக்கப்பட்டது. பொதுமக்களிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்ட ஜூரிகள் இரண்டு விசாரணைகளிலும் ஒருமித்த முடிவுக்கு வர இயலவில்லை.

மருத்துவ உரிமம் என்பது, பயின்று தேறியவர் தவிர வேறெவரும் அத்தொழிலைச் செய்யலாகாது என அரசு விதிக்கும் தடையாகும். பிரிட்டனின் 1858ஆம் ஆண்டு மருத்துவச் சட்டமோ அவ்வளவு தூரம் செல்லாமல், பதிவேடு ஒன்றைத் தொடங்கி, அதில் இடம்பெறாதவர் தம்மைப் பதிவு பெற்ற மருத்துவராகக் காட்டிக்கொள்வதைக் குற்றமாக்கியது. உரிமமுறையே வேண்டாம் என 1962இல் எழுதிய பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன், அது மருத்துவர்களின் எண்ணிக்கையைச் சுருக்கிக் கட்டணத்தை ஏற்றுகிறது என்றார். கட்டணம் பற்றிய கணக்கு சரியே ஆயினும், தவறான வைத்தியத்தால் இறந்தவர் அடுத்த முறை நல்லவரைத் தேடிப் போக முடியாது என்பதற்கு அதில் விடையில்லை.

மினசோட்டா 2000இல் இயற்றிய சட்டம் உரிமத் தடைக்கும் உரிமமே வேண்டாம் என்பதற்கும் இடைப்பட்டது. மூலிகை, மசாஜ், ஹோமியோபதி முதலிய மாற்று முறைகளை உரிமமின்றிச் செய்ய அது இடமளிக்கிறது. ஆனால் அறுவை, எக்ஸ்ரே, எலும்பு முறிவைப் பொருத்துதல், மருத்துவச் சீட்டு தேவைப்படும் மருந்துகளைத் தருதல் ஆகியவற்றை விலக்குகிறது. சிகிச்சைக்கு முன்பே எழுத்துவடிவ அறிக்கை ஒன்றை நோயாளியிடம் தந்து, அவர் கையெழுத்தையும் பெற வேண்டும். வைத்தியரின் பயிற்சி, கட்டணம், புகார் செய்யவேண்டிய அலுவலகம் ஆகியவற்றோடு, இத்தகையோருக்கு மாநிலம் எந்தக் கல்வித் தகுதியையும் வரையறுக்கவில்லை என்பதும் அதில் இருந்தாக வேண்டும்.

விருப்பச் சுதந்திரத்துக்கான வாதம் முழுவதும் இந்தத் தாளைத்தான் நம்பியிருக்கிறது எனலாம். நம் ஊர்களில் பிடிபடும் போலி மருத்துவர் பெயருக்கு முன் டாக்டர் என்று பலகை மாட்டி, ஸ்டெதாஸ்கோப்புடன் அமர்ந்து ஊசி போடுகிறார். அவரிடம் சென்றவர் மருத்துவரைத் தேர்ந்தெடுத்ததாகவே எண்ணுகிறார். ஆகவே இந்தியாவின் 2019ஆம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் தகுதியின்றி மருத்துவம் செய்வோருக்கு ஓராண்டு வரை சிறையோ, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிப்பது, இத்தகைய நோயாளியின் விருப்பத்தைப் பறிப்பதாகாது. அருகில் வேறு மருத்துவரே இல்லாத சிற்றூரில், போலியென்று தெரிந்தே செல்பவரின் நிலை வேறு; அங்கே இல்லாமற்போனது சுதந்திரமன்று, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கவேண்டிய மருத்துவர்.

வயது வந்தவர் தம் உடலைப் பற்றி எடுக்கும் முடிவு அவர் பிள்ளைக்கும் பொருந்துமா என்பது இதனினும் கடினமானது. 2009இல் அதே மினசோட்டாவில், ஹாட்ஜ்கின் எனும் நிணநீர்ப் புற்றுநோய் கண்ட 13 வயதுச் சிறுவனுக்கு முதற் சுற்றுக் கீமோதெரபிக்குப் பின் இயற்கை வைத்தியமே போதும் எனப் பெற்றோர் முடிவு செய்தனர். கீமோதெரபியால் பெரும்பாலும் குணமாகும் நோய் அது என்பதால், நீதிபதி சிகிச்சையைத் தொடர ஆணையிட்டார்; மகனோடு தலைமறைவான தாய் சில நாட்களில் திரும்பிவந்தார், சிகிச்சையும் அவ்வாண்டிலேயே முடிந்தது.