உப்பும் சர்க்கரையும் சேர்ந்து திறக்கும் கதவு



மாங்காயை நறுக்கி உப்பு போட்டு ஜாடியில் வைத்தால் மறுநாள் அடியில் தண்ணி நிற்கும். நாம ஒரு சொட்டுகூட ஊத்தியிருக்க மாட்டோம். மாங்காய்க்குள்ளே இருந்த தண்ணியை வெளியே இருக்கிற உப்பு இழுத்துவிட்டது. காய்ந்த திராட்சையைத் தண்ணியில் போட்டால் நேர்மாறாக நடக்கும். உள்ளே சர்க்கரை அதிகம், அதனால் தண்ணி உள்ளே போய் திராட்சை உப்பிவிடும்.

நம்ம உடம்பும் இப்படித்தான். கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான செல்களால் ஆனது. ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் மெல்லிய சவ்வு இருக்கு. உப்பு, சர்க்கரை எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் தண்ணி போகும். ஆனால் உப்பும் சர்க்கரையும் நினைச்ச மாதிரி சவ்வைத் தாண்ட முடியாது. அதுக்கென்று தனித்தனி வாசல்கள் உண்டு.

சிறுகுடல் செல்களில் ஒரு விசேஷமான வாசல் இருக்கு. நம்ம குழுக் கணக்கில் ஒருத்தர் கையெழுத்தை மட்டும் வைத்துப் பணம் எடுக்க முடியாது, இல்லையா? அதே மாதிரி உப்பில் இருக்கும் சோடியமும் சர்க்கரையில் இருக்கும் குளுக்கோஸும் ஜோடியாக வந்தால்தான் இந்த வாசல் திறக்கும். இரண்டும் உள்ளே போனதும் பின்னாடியே தண்ணியும் போகும். ராபர்ட் கிரேன் என்ற விஞ்ஞானி 1960-ல் இதைச் சொன்னார்.

காலரா வந்தால் அந்தக் கிருமியின் விஷம் குடல் செல்களிலிருந்து உப்பை வெளியே தள்ள வைக்கும். கூடவே தண்ணியும் கொட்டும். சில மணி நேரத்திலேயே ஆள் துவண்டு போவது இதனால்தான். ஆனால் அந்த ஜோடி வாசலை மட்டும் விஷம் கெடுப்பதில்லை! வயித்தால போகும்போதும் அது வேலை செய்யும்.

1971-ல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்காளத்தில் பன்காவ் என்ற ஊரில் அகதிகள் முகாம். காலரா பரவி, ஏற்றுவதற்கு சலைன் பாட்டில் பத்தாமல் போச்சு. டாக்டர் திலீப் மகலனாபிஸ் ஒரு லிட்டர் தண்ணிக்கு குளுக்கோஸ் 22 கிராம், உப்பு 3.5 கிராம், சமையல் சோடா 2.5 கிராம் என்று கலந்து குடிக்கக் கொடுக்க வைத்தார். நர்ஸ் இல்லாத இடத்தில் நோயாளியின் வீட்டு ஆட்களே ஊட்டினாங்க. 100-க்கு 30 பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு 4 பேருக்கும் கீழே குறைஞ்சது. பிறகு 1980 முதல் 10 வருஷம், வங்கதேசத்தில் பிராக் அமைப்பின் பெண் ஊழியர்கள் 1 கோடிக்கு மேற்பட்ட வீடுகளுக்கு நடந்தே போய், உப்பு ஒரு சிட்டிகை, வெல்லம் ஒரு கைப்பிடி என்று தாய்மாருக்குக் கலக்கக் கற்றுக் கொடுத்தாங்க. தாய்மார் எவ்வளவு சரியாக ஞாபகம் வைத்திருக்காங்க என்பதைப் பார்த்துத்தான் ஊழியருக்குச் சம்பளம். எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது.

இப்போ நம்ம வீட்டுக்கு வருவோம். "வயித்தால போகுது, தண்ணி கொடுக்காதே" என்று இன்னும் சில பெரியவங்க சொல்றாங்க. பிள்ளை சாவது தண்ணியும் உப்பும் வற்றித்தான். அங்கன்வாடியிலோ துணை சுகாதார நிலையத்திலோ ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வாங்கி, ஒரு லிட்டர் பொட்டலமானால் காய்ச்சி ஆற வைத்த தண்ணி சரியாக ஒரு லிட்டரில் முழுசாகக் கரையுங்க. பாதிப் பொட்டலத்தை டம்ளரில் போடக் கூடாது. பொட்டலம் இல்லையா? ஒரு லிட்டருக்கு சர்க்கரை 6 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், இரண்டும் தலைதட்டி. கண்ணீரைவிட உப்புக் கரிக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீங்க.

இனிப்பாக இருந்தால் பிள்ளை குடிக்கும் என்று சர்க்கரையைக் கூட்டினால் ஊறுகாய் ஜாடிக் கதைதான்: குடலுக்குள் தண்ணி இறங்கி இன்னும் அதிகமாகப் போகும். கூல்டிரிங்க்ஸும் அப்படியே. கடையில் ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்டு இனிப்பு பானங்கள் விற்றதால், 2025 அக்டோபரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று உத்தரவு போட்டது.

இரண்டு வயசுக்குக் கீழே என்றால் ஒவ்வொரு முறை போன பிறகும் அரை டம்ளர், ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமா. வாந்தி எடுத்தால் 10 நிமிஷம் விட்டு மறுபடி கொடுங்க. தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். "கொடுத்தும் நிக்கலையே" என்று இரண்டாவது நாளே கைவிடுவதுதான் பெரிய ஆபத்து. கரைசலின் வேலை பேதியை நிறுத்துவது இல்லை, இழந்ததைத் திருப்பிக் கொடுப்பது. பேதி சீக்கிரம் குறைய துத்தநாக மாத்திரை உண்டு. செவிலியரிடம் கேட்டு 14 நாளும் கொடுங்க.

கண் குழி விழுந்தாலோ, பிள்ளை மயங்கிக் கிடந்தாலோ, குடிக்க முடியாமல் போனாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டுப் போங்க. 108-க்குப் போன் போட்டுவிட்டு, பிள்ளை விழுங்குகிற வரைக்கும் வழியிலும் ஊட்டிக்கொண்டே போங்க.