பல்கலைக் கழகத்தின் வருவாய்

ஒரு குடும்பத்தை நடத்துதற்கே வரவும் செலவும் கருதிப் பார்க்க வேண்டியுள்ளது. பல்லாயிரம் மாணவர் பயிலும் பல்கலைக் கழகத்தை நடத்துதற்கு எவ்வளவு பொருள் வேண்டும்! ஆசிரியர்க்கு ஊதியம், நூல் நிலையத்திற்கு நூல்கள், ஆய்வுக் கூடங்களுக்குக் கருவிகள் எனச் செலவுகள் பலவாகும். இப்பொருள் எங்கிருந்து வருகின்றது?

மாணவர் செலுத்தும் கட்டணம் ஒரு வழி. 1857-ஆம் ஆண்டில் தோன்றிய சென்னைப் பல்கலைக் கழகம், தொடக்கத்தில் தேர்வு நடத்திப் பட்டம் வழங்குவதையே தன் பணியாகக் கொண்டிருந்தது. பாடம் கற்பிக்கும் பொறுப்பு கல்லூரிகளைச் சார்ந்தது. ஆதலின் தேர்வுக் கட்டணம் அதற்குப் பெருந்துணையாயிற்று. ஆனால், கற்பித்தலும் ஆராய்ச்சியும் தானே மேற்கொள்ளும் பல்கலைக் கழகத்திற்குக் கட்டணம் மட்டும் போதாது.

மற்றொரு வழி அறக்கொடை. அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் 1920-ஆம் ஆண்டில் மீனாட்சி கல்லூரியை நிறுவினார். பின்னர்த் தம் கல்வி நிலையங்களோடு 20 இலட்சம் ரூபாயையும் வழங்கினார். 1929-ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக் கழகம் மலர்ந்தது. கொடைப் பொருளை முதலாக வைத்து, அதன் வட்டியைச் செலவிடுதல் அறக்கட்டளை முறையாகும். மரத்தை வெட்டாமல் கனியை மட்டும் பறித்து உண்பது போன்றது இது.

எனினும், மரம் வளராதிருக்க, உண்போர் தொகை பெருகினால் என்னாகும்? அப்பல்கலைக் கழகம் 1979-ஆம் ஆண்டில் அஞ்சல் வழிக் கல்வியைத் தொடங்கிக் கட்டண வருவாயைப் பெருக்கியது. ஆயினும், 2012-ஆம் ஆண்டில் ஊழியர் ஊதியத்திற்கும் பொருள் போதாத நெருக்கடி நேர்ந்தது. 2013-ஆம் ஆண்டில் மாநில அரசு சட்டம் இயற்றி, அதன் நிருவாகத்தை ஏற்றுக்கொண்டது.

மூன்றாவது வழி அரசு வழங்கும் மானியம். மாநில அரசுகள் தாம் நிறுவிய பல்கலைக் கழகங்களுக்கு ஆண்டுதோறும் பொருள் வழங்குகின்றன. மைய அரசின் மானியத்தைப் பகிர்ந்தளிக்கப் பல்கலைக் கழக மானியக் குழு 1953-ஆம் ஆண்டில் அமைந்தது. 1956-ஆம் ஆண்டில் அது சட்டவழி அமைப்பாயிற்று.

அரசின் பொருள் என்பது யாருடைய பொருள்? அது மக்கள் செலுத்தும் வரியன்றோ! கடையில் தீப்பெட்டி வாங்கும் ஏழையும் அதன் விலையோடு வரி செலுத்துகின்றான். அவன் கல்லூரி வாயிலையே கண்டிலன். எனினும், பிறர் பிள்ளைகள் கற்க அவன் காசும் உதவுகின்றது. அரசுப் பல்கலைக் கழகத்தில் பயிலும் மாணவர் தாம் செலுத்தும் கட்டணத்தையே தம் கல்வியின் முழு விலையென்று எண்ணலாகாது. கற்ற கல்வியை நாட்டிற்குப் பயன்படுத்துதலே அவ்வேழைக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடனாகும்.