குளிரில்தான் கண் திறக்கும்

மீஞ்சூர் ஒன்றியத்துக் கடலோரக் குப்பங்களுக்கு ராக்கெட் புதிதல்ல. பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவுதல் என்றால், அன்றைக்குக் கடலுக்குப் போகத் தடை. 2015 செப்டம்பர் 28 அன்று அங்கிருந்து போன அஸ்ட்ரோசாட், இந்தியாவின் முதல் விண்வெளி வானாய்வகம். புறஊதாவையும் எக்ஸ் கதிரையும் பார்க்கும்; அகச்சிவப்பு அதன் கண்ணுக்குப் படாது.

அகச்சிவப்புக்குக் கருவி செய்வது வேறு வகைத் தொல்லை. தூசு மேகத்துக்குள் பிறக்கும் விண்மீனை அந்த ஒளிதான் காட்டும். ஆனால் காற்றிலுள்ள நீராவி அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. ஏரிக்கரையின் ஈரக் காற்றில் கேட்கவே வேண்டாம். சரி, வானுக்கு அனுப்பினால்? அங்கே தொலைநோக்கியே எதிரி. சாதாரண அறைவெப்பத்தில் இருக்கும் எந்தப் பொருளும் 10 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டி நன்றாக ஒளிர்கிறது, ஆடியும் அப்படித்தான். பெட்ரோமாக்ஸை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நட்சத்திரம் எண்ணுகிற கதை.

ஆகவே குளிர்விக்க வேண்டும். 2003-இல் போன ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கி திரவ ஹீலியத்தை நம்பியிருந்தது. 2009 மே மாதம் அது தீர்ந்ததும் நீண்ட அலைநீளங்களைக் காணும் திறனும் போயிற்று. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி ஐந்தடுக்குத் திரையால் வெயிலை மறைத்து, ஆடியை மைனஸ் 230 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்திருக்கிறது. அதன் ஒரு கருவிக்கு அதுவும் போதாது. ஹீலியம் வாயுவை மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றவிடும் குளிர்விப்பான் அதை மைனஸ் 266-க்குக் கீழே இறக்குகிறது. வாயு தீர்ந்துபோகும் பேச்சே இல்லை; எனக்கு இதுதான் அந்தத் தொலைநோக்கியின் அழகான பாகம்.

ஆனாலும் வெப்பின் பார்வை 28 மைக்ரானோடு நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் அதன் குளிர்ந்த ஆடியே ஒளிரத் தொடங்கிவிடும். அந்த எல்லையைத் தாண்டத்தான் அமெரிக்காவில் பிரைமா என்ற விண்வெளித் தொலைநோக்கித் திட்டத்தை முன்வைத்திருக்கிறார்கள்: 1.8 மீட்டர் ஆடி, வெப்பநிலை 4.5 கெல்வின். தேர்வானால் 2032-இல் ஏவ எண்ணம்.

நம் பக்கமும் ஆள் இல்லாமல் இல்லை. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் 1 மீட்டர் தொலைநோக்கியை ஹைதராபாத்திலிருந்து ராட்சத பலூனில் ஏற்றி, நீராவிக்கு மேலே நின்று தொலை அகச்சிவப்பைப் பார்த்திருக்கிறது. செயற்கைக்கோளுக்கென ஐஆர்எஸ்ஐஎஸ் என்ற நிறமாலைக் கருவியின் ஆய்வக மாதிரியையும் செய்தது. பலூன் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். செயற்கைக்கோள் ஆண்டுக்கணக்கில் குளிர்ந்தே இருக்க வேண்டும். பெரிய ஆடிக்கு ஆசைப்படுமுன், பழுதின்றி ஓடும் குளிர்விப்பானுக்கு இந்தியா பணம் போடவேண்டும்.