புலி அடித்த கதைக்கு விலை இல்லை

கோவையில் துப்பாக்கிக் கடை வைத்திருக்கிறேன். பழைய ரைஃபிளை விலை கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் புலியில்தான் தொடங்குவார்கள். “எங்க தாத்தா இதுல பதினாலு புலி அடிச்சிருக்காருங்க.” நான் கேட்பது, “லைசென்ஸ் யார் பேர்ல இருக்குங்க?”

1972-இல் வந்த வனவிலங்குச் சட்டத்தோடு புலி வேட்டைக்கு வழியில்லாமல் போயிற்று. துப்பாக்கிகள் மட்டும் எஸ்டேட் பங்களாக்களிலும் ஜமீன் வீடுகளிலும் தங்கிவிட்டன. லைசென்ஸ்காரர் இறந்துவிட்டால் வாரிசு அதைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற டீலரிடமோ ஒப்படைத்துவிட்டுத்தான் தன் பெயருக்கு லைசென்ஸ் கேட்க வேண்டும். அது இல்லாமல் விலைபேச்சே கிடையாது.

சமீபத்தில் வால்பாறைப் பக்கமிருந்து ஒருவர் தன் தாத்தாவின் இரட்டைக்குழல் ரைஃபிளைக் கொண்டுவந்தார். 470 போர். 1907-இல் வெள்ளைக்கார அரசாங்கம் 450 போர் துப்பாக்கிகளை இந்தியாவுக்குள் கொண்டுவரத் தடைபோட்டது. அதே அளவுள்ள பழைய ராணுவத் துப்பாக்கிகளை வைத்திருந்த கிளர்ச்சிக்காரர் கைக்கு அந்தத் தோட்டாக்கள் போய்விடும் என்ற பயம். கம்பெனிகள் சும்மா இருக்குமா? 465, 470 என்று புது அளவுகளை இறக்கிவிட்டன. குழலின் அடியில் கிரீடமும் அதன்கீழ் ‘என்.பி.’ எழுத்துகளும் இருந்தன. பர்மிங்காம் சோதனைக்கூடத்தின் முத்திரை அது. லண்டன் என்றால் கிரீடத்துக்குப் பதில் வாளேந்திய கை.

குழல்களைக் கழற்றிக் கயிற்றில் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டினேன். வெண்கல மணி போலக் கணீரென்றது. இரண்டு குழலையும் இணைக்கும் பட்டைகளில் பற்றவைப்பு விட்டிருந்தால் ‘சர்’ என்று அதிரும். பிறகு மாட்டி மூடி, விளக்குக்கு நேரே பிடித்தேன். குழலுக்கும் பின்தகட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் இணைப்பு தேய்ந்துவிட்டது என்று பொருள். சரிசெய்யத் தெரிந்த கை இங்கே அபூர்வம். நல்லவேளை, வெளிச்சம் தெரியவில்லை.

உள்ளே பார்த்தபோதுதான் சப்பென்றாகிவிட்டது. அந்தக் காலத் தோட்டாவின் கேப்பில் குளோரேட் மருந்து இருக்கும். வெடித்தபின் குழலில் தங்கும் உப்பு ஈரத்தை இழுக்கும். விவரமானவர்கள் சுட்ட அன்றே கொதிநீர் ஊற்றிக் கழுவி, எண்ணெய் விடுவார்கள். ஆனைமலை மழையில் யாரோ சோம்பல்பட்டிருக்கிறார்கள். இடக்குழலின் முறுக்குவரியெல்லாம் அம்மைத் தழும்பு.

அதைவிட என்னை எரிச்சல்படுத்தியது பாலிஷ். விற்க வசதியாக இருக்கட்டும் என்று பேரன் மெஷினில் தேய்த்து, புதிதாகக் கறுப்பேற்றியிருந்தார். கம்பெனிப் பெயரின் விளிம்புகள் கரைந்துவிட்டன, கொடிச் செதுக்கல் மழுங்கிவிட்டது, திருகாணித் தலைகள் கிழிந்திருந்தன. மங்கினாலும் பழைய பூச்சுக்குத்தான் காசு. சேகரிப்பவர்கள் அது எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று சதவீதக் கணக்கில் பேசுகிறார்கள்.

தோட்டா இன்னொரு தலைவலி. வெளிநாட்டில் 470-ஐ இன்னும் தயாரிக்கிறார்கள். இங்கே கிடைப்பது அரிது. நம் அரசுத் தொழிற்சாலையின் 315 ரைஃபிளுக்கு எந்தப் பெருமையும் கிடையாது, ஆனால் தோட்டா கிடைக்கிறது, வாங்க ஆளும் கிடைக்கிறார்.

தாத்தாவின் புலிகள்? வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டுக்குச் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக 1907-இல் தந்த ரிக்பி ரைஃபிளில், யார் எதற்காகக் கொடுத்தார்கள் என்று பொறித்த வெள்ளித் தகடே உண்டு. அப்படி ஏதாவது சான்று வேண்டும். பேரனிடம் வரிசை எண்ணைக் குறித்துக் கொடுத்தேன். லண்டன், பர்மிங்காம் பெரிய கம்பெனிகள் சில, யாருக்கு விற்றோம் என்ற பழைய பேரேட்டை இன்னும் வைத்திருக்கின்றன. எழுதிக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். மரப்பிடியையாவது வார்னிஷ் அடிக்காமல் விட்டுவைக்கும்படியும்.